பெரியப்பாவும் நடுங்கும் தரையும்

மறுநாள் அறுவடைத் திருவிழா. ஊர்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வாழும் நீளவீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை படையல் தட்டை ஏந்தி நடப்பது சங்காவ் பெரியப்பாவின் உரிமை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் நடந்தார். தட்டில் அடுக்கிய படையல் முட்டைகளில் ஒன்றுகூட உருண்டதில்லை.

ஆனால் சர்க்கரை நோயால் பெரியப்பாவின் பாதங்கள் இப்போது மரத்துப்போயிருந்தன. ஒத்திகையில் மூன்று முறை தடுமாறினார்.

"கையப் பிடிச்சுக்கட்டுமா, பெரியப்பா?" என்றாள் தம்பி மகள் லுலோங்.

"நம்ம குடும்பத்துல யாரும் கைபிடிச்சு நடந்ததில்ல. காலு நல்லாத்தான் இருக்கு. தரைதான் சரியில்ல."

"தட்டை வேற குடும்பத்துக்குக் குடுத்துடலாம்னு பேசிக்கிறாங்க, மச்சான்" என்றார் இங்கான் மாமா.

பெரியப்பாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. முகம் மட்டும் வாடிவிட்டது.

மாலையில், மரத்தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் ஓடியது. பலகைத் தரை லேசாக நடுங்கியது. பெரியப்பா காப்பிக் கோப்பையுடன் நேராக நடந்து போனார். ஜெனரேட்டர் நின்றதும் மறுபடி தடுமாறினார். லுலோங் அதைக் கவனித்தாள். நர்ஸ் அக்காவிடம் ஓடினாள்.

"மரத்த பாதத்துலேர்ந்து சேதி பலவீனமாத்தான் வரும். அது கதவை லேசா தட்டினா மூளை செல்லு எழுந்திரிக்காது" என்றார் அக்கா. "கூடவே கொஞ்சம் நடுக்கம் சேர்ந்தா, யாரதுன்னு முழிச்சுக்கும்."

"நெறைய சேர்ந்தா?"

"எது தட்டல், எது இரைச்சல்னே தெரியாது."

லுலோங்குக்கு அதையும் பார்த்துவிட ஆசை. எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து தரையில் குதிக்கச் சொன்னாள். பெரியப்பா தள்ளாடிப் போய், அங்கே தொங்கிய வாழைத்தாரைக் கட்டிக்கொண்டார்.

"ஜெனரேட்டரையே ஓட்டலாமா?" என்றாள்.

"படையல் போறப்ப மெஷின் சத்தமா? மானம் போயிடும்."

லுலோங் யோசித்தாள். பிறகு மாமாவின் காதில் ஏதோ சொன்னாள்.

"உங்க பெரியப்பா திட்டினா நீதான் வாங்கிக்கணும்" என்றார் மாமா.

மறுநாள் வழிநெடுக ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாவுக்கு அடிக்கும் வெண்கலச் சேகண்டிகளான கோங்குகளைத் தரையில் கவிழ்த்து வைத்து, ஓய்வில்லாமல், மெல்ல மெல்லத் தட்டினார்கள். பலகைகள் பூனைக்குட்டியின் வயிறுபோல அதிர்ந்தன.

பெரியப்பா முதல் அடி வைத்தார். நின்றார். அடுத்த அடி வைத்தார்.

மறுகோடி வந்தது. ஒரு முட்டைகூட அசையவில்லை.

"காலு எப்படி இருக்கு, மச்சான்?" என்றார் மாமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பெரியப்பா தட்டை இறக்கி வைத்தார். கூட்டத்தில் லுலோங்கைத் தேடிப் போய், சாய்ந்திருந்த அவள் தலையலங்காரத்தை நேராக்கினார்.

"காலு எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். "இன்னிக்குத்தான் தரை சரியா இருக்கு."