கறையான் தின்னாத மீசான்

கொடியில் காய்ந்த வெள்ளைச் சால்வையை உதறியபோது சாம்பல் பறந்தது. கடற்கரை மணல் என்றால் உதறினால் கொட்டிவிடும். இது கொட்டவில்லை, புகைபோல எழுந்து வந்து மைமூனாவின் நாக்கில் கசந்தது.

"விறகடுப்பு மூட்டினியாகா?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹுஸ்னியா கேட்டாள். சாய்ந்தமருதில் யார் தும்மினாலும் அவளுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"நான் கேஸ்ல ஆக்குறது உனக்குத் தெரியாதாகா?"

"தெரியும். அதுதான் கேக்கன்."

பதில் சொல்லவும் மைமூனாவுக்குச் சலிப்பாக இருந்தது. உம்றாவுக்குப் போய் வந்ததிலிருந்து இந்தக் களைப்பு உடம்பை விட்டு இறங்கவேயில்லை. திரும்பும் வழியில் துருக்கியையும் சேர்த்துக் காட்டிய பயணம் அது. கூடப்போனவர்கள் பஸ்ஸுக்குள் இருந்து இனிப்புத் தின்ன, இவளும் குழுவை அழைத்துவந்த மௌலவியும் மட்டும் வழிகாட்டிக்குப் பின்னால் ஏறிப் போனார்கள். மலைச்சரிவு முழுக்க மரங்கள், அத்தனையும் கல். எப்போதோ எரிமலை கக்கிய சாம்பல் காட்டை நின்ற நிலையிலேயே மூடிப் பாதுகாத்துவிட்டதாம். வழிகாட்டி சொன்னதை மௌலவி தமிழில் சொன்னார். பட்டையின் வெடிப்பு, உள்வளையம், எல்லாம் அப்படியே. காற்று பலமாக அடித்தும் ஓர் இலைச்சத்தம் இல்லை. மௌலவி சீக்கிரமே பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். மைமூனாவுக்கோ பொறாமையாக இருந்தது. கறையான் தொடமுடியாத மரம்!

பொறாமைக்குக் காரணம் உண்டு. அவளது கொல்லை மதிலுக்கு அப்பால் ஊரின் மையவாடி. கணவர் ஹமீடை அங்கே அடக்கி இரண்டு வருடம். கபுறின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டையைக் கறையான் இரண்டு தரம் தின்று தீர்த்துவிட்டது. அடையாளம் போனால் அந்த மணலில் எது யாருடைய கபுறு என்று ஒருவருக்கும் தெரியாது. மேலேயே இன்னொருவரை அடக்கிவிடுவார்கள். குசினி ஜன்னலால் பார்த்துத் தினமும் ஸலாம் சொல்ல அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கட்டைதான்.

ஆகவே முழங்கை நீளக் கல்மரத்துண்டொன்று புது அபாயாவுக்குள் சுருண்டு, யாரிடமும் கேட்காமல், ஊர் வந்து சேர்ந்தது. பொதியின் பாரத்தைச் சரிக்கட்ட, அயலாருக்கு வாங்கிய பேரீச்சம்பழத்தில் பாதி விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது. ஹுஸ்னியா வீட்டுக்கு நாலே நாலு பழம். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

கபுறு வெட்டும் மீராமுகைதீன்தான் கல்லை நட்டுக்கொடுத்தார். "உங்களுக்கும் எனக்கும் பொறகும் இது இரிக்கும் ராத்தா," என்றார்.

அன்றிலிருந்துதான் சாம்பல். ஜன்னல் கம்பியில், சோற்றுப்பானை மூடியில், தொழுகைப் பாயில். பிறகு சத்தம். அசர் தொழுது வீடு அடங்கும் நேரத்தில், காய்ந்த சட்டியில் நீர் தெளித்ததுபோல மெல்லிய வெடிப்பொலி ஒன்று மதிலுக்கு அப்பாலிருந்து வரும். நெடுநேரம் கழித்து, மறந்தேவிட்ட பிறகு, இன்னொன்று.

வியாழக்கிழமை பின்னேரம் மீராமுகைதீன் கொல்லைக் கதவைத் தட்டினார். முழங்கால்வரை சாம்பல்.

"ராத்தா, ஹமீட் நானாக்குப் பக்கத்தில ஒரு கபுறு வெட்டுறன். மம்பட்டி தெறிக்கிது."

"கடல்மண்ணுக்குள்ள ஏது கல்லு?"

"வேர் மாதிரிக் கல்லு. எல்லாம் உங்கட மீசான்ல இரிந்துதான் வருது. கழட்டப் பாத்தன், அசையுதில்ல. நானாட பக்கத்து மண்ணும் இடிஞ்சிட்டு." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "பள்ளிவாசல் தலைவர்ட்டச் செல்லிட்டு வாறன். கல்ல உடைக்கத்தான் வேணும். நீங்க அங்கால போகாதீங்க."

கல்லை உடைத்தால் ஹமீட் தொலைந்துவிடுவார். அதற்குமுன் ஒருதரம் பார்க்க வேண்டும். மைமூனா முக்காட்டை இழுத்துக்கொண்டு மதிலின் உடைப்பால் நுழைந்தாள்.

செருப்பின் கீழே மணல் முறுக்குப்போல நொறுங்கியது. கடல் கண்ணெதிரே புரண்டது. அலைச்சத்தம் கேட்கவில்லை.

புதுக்குழியின் ஓரத்தில் குந்தினாள். இடிந்த பக்கத்தில், ஹமீடின் மேல் சாய்த்து அடுக்கிய மரப்பலகைகள். கல். ஒன்று நழுவிக் கிடந்தது. இடைவெளியில் அவரைச் சுற்றிய கபன்துணி. அதன் மடிப்புகள். கல்.

இறங்கினாள். விரலால் தொட்டாள்.

சூடு.

துணி முட்டையோடுபோல உடைந்தது. முகம். தாடியின் ஒவ்வொரு மயிரும். நெற்றித் தழும்பு. ஒன்றும் அழியவில்லை. ஒன்றுமே.

"இஞ்சாருங்க," என்றாள், சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடும் குரலில்.

கண்கள் திறந்தன.

கல்லுக்குள் அவை மட்டும் ஈரம். அவளைத் தெரிந்த கண்கள். உதடு அசையப் பார்த்தது. வெடிப்பொலி. அசையவில்லை.

அடக்கத்தன்று ஆண்கள் போடும் மூன்று பிடி மண் அவள் கைக்கு வாய்த்ததில்லை. இப்போது ஒரு பிடி அள்ளி அந்தக் கண்களின் மேல் போட்டாள்.

மூடின. திறந்தன. மண் வழிந்தது.

இரண்டாம் பிடி.

மூடின.

திறந்தன.

மைமூனா மூன்றாம் பிடியை அள்ளினாள். கண்கள் அவளுடைய கையையே பார்த்திருந்தன.