நோவுப்பாலத்தின் மறுமுனை

டாக்டர் கதிர்வாணன் நோவுப்பாலத்தின் பட்டைகளை மாற்றிக் கட்டிவிட்டான். நீலம் நோயாளிக்கு, வெள்ளை மருத்துவருக்கு என்பது முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். இவன் பொதுமருத்துவ எம்.டி. இறுதித் தேர்வில், அதுவும் இரண்டாம் முறை வந்திருக்கும் தேர்வில், நீலத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு வெள்ளையைக் கட்டிலில் படுத்திருந்த நோயாளி ஞானசௌந்தரி அம்மாளுக்குக் கட்டி, பொத்தானையும் அழுத்தினான்.

நோவுப்பாலம் ஓர் உடம்பில் நடப்பதை இன்னோர் உடம்புக்குக் கடத்தும். வலி, மூச்சுத்திணறல், படபடப்பு எல்லாம் அப்படியே வந்து சேரும். எண்ணங்களை மட்டும் கடத்தாது. கடத்தியிருந்தால் எந்தப் பேராசிரியரும் வார்டுக்குள் தைரியமாக நுழைந்திருக்கமாட்டார். பாலம் வந்து பதினைந்து வருடமாகிறது. அதன்பிறகு நோயாளியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, தொட்டும் பார்ப்பதில்லை. கடத்தி வருவதிலிருந்து தன் சொந்த உடம்பைக் கழித்துவிட்டு, மீதிக்குப் பெயர் வைத்தால் போதும்.

கதிர்வாணனுக்கு அந்தக் கழித்தல்தான் வரவில்லை. போன வருடம் நான்கு நோயாளிகளுக்கும் ‘படபடப்பு’ என்று எழுதினான். அதில் ஒருவருக்குக் கால் ஆணி; அவர் கையில் மாத்திரைச் சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தான். உன் பயத்தை நோயாளி தலையில் ஊற்றாதே என்று பேராசிரியர் சங்கரநயினார் நான்கையும் அடித்துவிட்டார். ஒரு வருடமாக அவனும் பார்ப்பவரையெல்லாம் கேட்டுவிட்டான்: தூக்கமில்லை, கை நடுங்குகிறது, எட்டு கிலோ இறங்கிவிட்டது, நான் இந்தப் படிப்புக்கே லாயக்கில்லையா? பேராசிரியர், பார்க்கலாம் என்றார். உடன் படித்தவர்கள், பி.ஜி. என்றால் அப்படித்தான் என்றார்கள். அவன் அம்மா, மெஸ் சாப்பாட்டைத் திட்டினார். இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிடுவது என்று விடுதி அறையைப் பாதி காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

ஞானசௌந்தரி அம்மாள் இந்தக் கல்லூரியின் தேர்வு நோயாளி. இருபது வருடமாக, தேர்வு நாளன்று வந்து கட்டிலில் படுப்பார். முதல் நான்கு வருடம் தைராய்டு கேஸ். அது குணமான பிறகு வீட்டில் உட்காரவேண்டியதுதான் என்று நினைத்தபோது, இதய வால்வில் சுருக்கம் கண்டுபிடித்து மறுபடி அழைத்துக்கொண்டார்கள். பாலம் வருவதற்கு முன்பெல்லாம் திணறும் பிள்ளைகளுக்கு விடையை ரகசியமாகச் சொல்லிக்கொடுப்பார். இப்போது கேட்க ஆளில்லை.

அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அப்போதுதான் கதிர்வாணன் பட்டையின் நிறத்தைப் பார்த்தான். பதறிக் கழற்றப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க தம்பி. இந்தப் படபடப்பு உங்களோடதா?”

தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டான். பரீட்சை பயம், மன்னிக்கவேண்டும் என்றான்.

அம்மாள் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கவனித்தார். பிறகு, கால் ஆணிக்காரருக்குப் படபடப்பு மாத்திரை எழுதினது நீங்கதானே என்று கேட்டார். அந்த மனிதர் அவருக்குத் தெரிந்தவராம். மாத்திரை போட்டபின் ஆணி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் முன்போலக் கவலைப்படுவதில்லையாம். கதிர்வாணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

அவன் சிரித்து முடிக்கும்வரை அம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் வேலையில் இறங்கினார். எச்சிலை விழுங்கச் சொல்லிக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். அவனுடைய விடைத்தாளையே எடுத்து அவன் விரல்கள்மேல் வைத்தார். தாள் சின்னதாகப் படபடத்தது. மின்விசிறி அந்தப் பக்கம் இல்லவே இல்லை. நான்கு வருடத் தேர்வுகளில் நூறு பேராவது தன்மேல் செய்ததை ஒன்று விடாமல் திருப்பிச் செய்துகொண்டிருந்தார் அம்மாள்.

மூன்று வருடமாகப் பாலத்தில் வந்த துடிப்புகளில் பாதி யாருடையவை என்று கதிர்வாணனுக்கு மெல்ல விளங்கியது. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல், வருடம் முழுக்கக் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டான்.

“லாயக்கா இல்லையான்னு எனக்கென்ன தெரியும்? பயந்தாங்கொள்ளிதான் நீங்க, அது வயித்துல தனியாத் தெரிஞ்சுது. சிரிச்சதும் அடங்கிருச்சு. நெஞ்சு மட்டும் ஓடிட்டே இருக்கு, அடங்கவே இல்ல. அது பயம் இல்ல தம்பி, தைராய்டு. நான் நாலு வருஷம் வெச்சிருந்த அதே சாமான். மாத்திரைக்குக் கேக்கும். இப்ப ரெண்டு பட்டையையும் கழட்டி அந்தப் பக்கம் வைங்க. மணியடிக்கப் பன்னண்டு நிமிஷம் இருக்கு. எனக்கு என்ன செய்யுதுன்னு வாயத் திறந்து கேளுங்க, சொல்றேன்.”