இரண்டு கம்ப்ரசர்

பதிவில் ஓதுவார் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் உர்ரென்று ஓர் இரைச்சல் எழுந்து வந்தது. அவர் வாயைத் திறந்ததும் அடங்கிப்போனது. நடேஷ் வயரை மாற்றிப் பார்த்தான், கீபோர்டை அணைத்துப் போட்டும் பார்த்தான். பதினைந்து வருடம் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆனால் மனைவி பிரீதா இறந்துபோன இந்தப் பத்து நாளாக எதுவும் அவன் மண்டையில் ஏறவில்லை. பாழாய்ப்போன அழுகைகூட வரவில்லை.

மயங்கி விழுந்தவளின் நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மஸ்கட்டிலிருந்து அவள் அண்ணன் அன்புமணி வரட்டும் என்று இரண்டு நாள் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எரித்து, சாம்பலைப் பரங்கிப்பேட்டைக் கடலில் கரைத்தும் ஆயிற்று. "ஓதுவார் பாடுனதையாவது அனுப்புங்க மச்சான்" என்று போனில் அழுதான் அன்புமணி. அன்று பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய ஓதுவாரின் மைக்கை இந்தக் கீபோர்டில்தான் சொருகியிருந்தார்கள்; அது பாட்டை பென்டிரைவில் பதிந்து வைத்திருந்தது. அவளுக்காகச் செய்ய நடேஷுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு வேலைதான்.

கடலூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தங்கராசுவைப் போனில் பிடித்தான்.

"கம்ப்ரசர் தொல்ல பண்ணுதுப்பா."

"பொட்டிய இன்னுமா திருப்பி அனுப்பல?"

"அந்தக் கம்ப்ரசர் இல்ல. கீபோர்டுல இருக்கறது."

தங்கராசு சங்கடத்தோடு கனைத்தான். "அது பெரிய சத்தத்த அமுக்கும், சின்னச் சத்தத்த தூக்கி உடும். பாட்டு நிக்கறப்ப பக்கத்துல ஓடுன பொட்டியத்தான் தூக்குது. கூலிங் ஏறுனதும் பொட்டி தானா கட்டாவும்ல, அந்த எடத்த கேளு. எரைச்சல் இல்லன்னா கீபோர்டுல கோளாறு இல்ல."

நடேஷ் ஹெட்போனை மாட்டினான். மதியம் மூன்று மணி வெயில், மேல வீதி ஆட்டோக்கள், சுவரோரம் அழுகும் ரோஜா மாலையின் புளித்த நெடி. பதிவில் பதிகம் முடிந்தது. பெட்டி ஒரு குலுங்கலோடு நின்றது. அமுக்குவதற்கு இனி எதுவும் இல்லை என்றதும் கீபோர்டு மிச்சத்தையெல்லாம் மெல்ல மெல்ல மேலே தூக்கியது. மின்விசிறி. யாரோ விட்ட கொட்டாவி. புடவை உரசல். எல்லாவற்றுக்கும் அடியில், கிறீச்... கிறீச்...

எலி என்று நினைத்தான். திரும்ப ஓட்டி, சத்தத்தைக் கூட்டினான்.

எலி இல்லை.

கண்ணாடி. நகம்.

நிறுத்திவிடத்தான் நினைத்தான். ஹெட்போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

மாமனார் கலியமூர்த்தியின் குரல் மைக்குக்கு வெகு அருகில் கேட்டது. "மாப்ள, கண்ணாடில உள்பக்கமா ஆவி படியுது. மூக்குகிட்ட மட்டும். மூடிய தெறந்து தொடச்சி உடட்டா?"

கிறீச். கிறீச். கிறீச். வேகமாக.

அதன்மேல் நிதானமாக, தூக்கக் கலக்கத்தில், அவனுடைய குரலே.

"வேணாம் மாமா. கூலிங் போயிடும்."

பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலுக்கு அடியிலும் நகம் நிற்கவில்லை.