ஆள் இருக்கு

கந்தோர் வேலை விட்டு வரும் மாலை ரயிலில் இராசநாயகம் முந்தியடித்து ஏறி, இருவர் இருக்கும் வாங்கு ஒன்றைப் பிடித்துவிடுவார். யன்னல் பக்கம் அவர். மற்றப் பக்கம் அவருடைய தோல் பை, அதன்மேல் குடை. யாராவது வந்து இருக்கப் பார்த்தால் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லுவார்:

"ஆள் இருக்கு."

அந்த ஆள் ஒருநாளும் வந்ததில்லை. மரக்கறி விற்றுத் திரும்பும் பெண்கள் வெறுங்கூடையோடு நின்றே வருவார்கள். அவர்களுடைய வியர்வை மணத்துக்கு மூக்கைச் சுளித்தபடி இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு எதிர் வாங்கில் காலை நீட்டுவார். இங்கிலீசு படித்தவர். மரியாதை தெரியாத சனம் என்று பேசுவதெல்லாம் மற்றவர்களைத்தான்.

ஒரு மார்கழி மாலை. மழை. பெட்டிக்குள் விளக்கு அழுது வடிந்தது. நாகேஸ்வரி என்றொருத்தி தன் புருசனைத் தாங்கிப் பிடித்தபடி வந்து நின்றாள். அவன் தோளில் ஈரச் சால்வை. ஆசுபத்திரி மருந்து மணத்தது.

"ஐயா, இவரைக் கொஞ்சம் இருக்க விடுங்கோ. நிக்க ஏலாமல் கிடக்கு."

"ஆள் இருக்கு."

"அந்த ஆள் வந்தவுடனை எழும்பிவிடுவார், ஐயா."

"ஒருக்காச் சொன்னால் விளங்காதோ?"

அவள் புருசன் அந்தப் பையை ஒருமுறை பார்த்தான். பிறகு கதவோரம் போய்ச் சரிந்து இருந்தான். ரயில் நாவற்குழிப் பாலத்தில் ஏறியபோது நாகேஸ்வரி குழறி அழுதாள். அடுத்த தரிப்பில் நாலு பேர் அவனைத் தூக்கி இறக்கினார்கள். இராசநாயகம், ரயில் சுணங்குகிறதே என்று 'சூ' கொட்டினார்.

சில நாள் கழித்து, அதே ரயில். ஒருவர் பக்கத்தில் இருக்க வந்தார். இராசநாயகம் வாயைத் திறக்குமுன் அவரே பின்வாங்கினார்.

"மன்னிக்கோணும். ஆள் இருக்கிறதைக் காணேல்லை."

இராசநாயகம் திரும்பினார். பை கீழே கிடந்தது. குடையும் கீழே.

வாங்கில் ஒருவரும் இல்லை.

மருந்து மணம் வந்தது. வாங்குப் பலகை மெல்ல முனகியது. அவருடைய தொடையோடு ஏதோ ஒட்டிக்கொண்டு குளிர்ந்தது. அவர் யன்னல் பக்கம் ஒதுங்கினார். அதுவும் ஒதுங்கி வந்தது. வெளியே கடல்நீரேரி இருட்டிக்கொண்டு கிடந்தது. சக்கரங்களின் ஓசை மாறியது. பாலம்.

ஒரு தலை அவர் தோளில் சாய்ந்தது.

நனைந்த தலை.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ, ஐயா."

அன்றைக்குச் சப்பாத்தையும் விட்டுவிட்டு இறங்கி ஓடினார்.

அதன்பிறகு பஸ்ஸில் போய்ப் பார்த்தார். பின் வாங்கில் தனியே இருந்த இவரிடம் கொண்டக்டர் சூசைதாசன் வந்து, "ஐயா, உங்கடை ஆளைக் கொஞ்சம் நெருங்கி இருக்கச் சொல்லுங்கோ. இன்னொராள் இருக்க இடம் காணும்" என்றான்.

மறுபடி ரயிலுக்கே வந்தார். ஆனால் இருக்கவில்லை. வெறும் வாங்குகள் கிடந்தாலும் கதவுக் கம்பியைப் பிடித்தபடி தன் ஊர் கொடிகாமம் வரும்வரை நின்றார். கூடைக்காரிகளைப் பார்த்து, "இருங்கோ, இருங்கோ" என்று கெஞ்சினார். பெரிய மனிசன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கோணும் என்று சனம் மெச்சியது. திருந்தினாராம்! பயந்தாங்கொள்ளிக்குக் கிடைத்த பட்டத்தைப் பாருங்கள். நாகேஸ்வரி எந்த ஊர், என்ன பாடு என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி செல்வநாயகி விளக்கோடு வாசலுக்கு வந்தாள். அவரைத் தாண்டி இருட்டுக்குள் பார்த்தவள், சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ன பழக்கம் உது? வந்தவரை வெளியிலை நிக்க விட்டிட்டு நீங்கள் மட்டும் வாறியள்?"

அவள் விலகி வழிவிட்டாள். உள்ளே போய் அவருடைய சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"வாங்கோ, வந்து இருங்கோ."

கதிரைத் துணி மெல்லத் தாழ்ந்தது.

"பாவம், நல்லாய் நனைஞ்சு போனார்" என்றாள் செல்வநாயகி. "நில்லுங்கோ, துவாய் எடுத்துக்கொண்டு வாறன்."