காணாமல் போன கேப்டனின் தொப்பி

தொப்பியின் உள்ளே நெற்றியைச் சுற்றி வரும் தோல்பட்டை ஈரமாக இருந்தது. ஓட்ஃப்ரீட் லாம்பெர்ட்ஸ் தொட்ட விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். எண்பது வருடப் பழைய தோல், அப்பளம் போல மொடமொடவென்று இருக்க வேண்டியது, தொட்ட இடத்தில் மெத்தென்று அமுங்கியது. சுவரில் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானி நாற்பத்தைந்து சதவீதம் காட்டியது. அந்த நிலவறையில் நான்கு வருடமாக அது நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

ஜெர்மனியில் செல்லே ஊரில் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது பழைய ஜெர்மன் ராணுவ அதிகாரிகளின் தொப்பிகளைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிறார். ஓரத்துக் குழாய்த் தையல் வெள்ளையாக இருந்தால் காலாட்படை, சிவப்பாக இருந்தால் பீரங்கிப்படை, முகப்பில் வெள்ளிக் கயிறு இருந்தால் அதிகாரி. இந்தத் தொப்பிகளைப் போட்டுத் திரிந்தவர்கள் பாதி உலகத்தை எரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய வியர்வைக் கறையை மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிற ஒரு கூட்டம் நாடு முழுக்க இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு இவர்தான் குரு. கேட்டால், நான் தையலைப் பார்க்கிறவன், அரசியல் பார்க்கிறவன் இல்லை என்பார். படம் எடுத்து அனுப்பும்போது தொப்பி முகப்பில் கழுகின் காலடியில் இருக்கும் ஸ்வஸ்திகாவின் மேல் ஒரு கறுப்பு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவார். சட்டம் அப்படி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு அந்தப் பொட்டுக் காகிதம் போதும்.

நாற்பத்து மூன்று மரத்தலைகளில் நாற்பத்து மூன்று தொப்பிகள். ரசகற்பூர வாசனை, பழைய கம்பளி வாசனை, மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் முனகல். இவற்றின் நடுவே நிற்கும்போதுதான் ஓட்ஃப்ரீட்டுக்கு மனிதர்கள் எவ்வளவு மட்டமானவர்கள் என்பது தெளிவாகத் தெரியும். கொண்டுவந்து விற்பவர்கள் ஒன்றும் தெரியாத அழுமூஞ்சிகள். வாங்குபவர்கள் சொன்னதையெல்லாம் நம்பும் கழுதைகள். இதில் ஒரு கழுதை, ரேகன்ஸ்புர்க் ஊர் பல் மருத்துவர் டெஷ்னர், ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த ஈரத் தொப்பியை வாங்கத்தான்.

அது பியோகே என்ற விதவையின் பரணில் கிடைத்தது. இது கார்னிவல் கூத்துக்குப் போடும் நாடகத் தொப்பி, அம்மா, குப்பைக்குத்தான் போகும் என்று சொல்லி, ஒரு டப்பா பித்தான்களோடு சும்மாவே வாங்கி வந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். தொப்பி அசல்தான். ஆனால் உள்ளே பெயர் இல்லை. பெயர் இல்லாத தொப்பியை எவன் மதிப்பான்? ஆகவே ஓட்ஃப்ரீட் ஒரு ஆளை உண்டாக்கினார். பழைய நோட்டிலிருந்து வெற்றுத்தாள் வெட்டி, பழைய மையைக் கரைத்து, அந்தக் காலத்துக் கோணல் எழுத்தில் ஆர்னுல்ஃப் செட்லின் என்று எழுதி, தொப்பிக்குள் உச்சியில் பதித்த செல்லுலாய்டு வில்லைக்குப் பின்னால் செருகினார். பிறகு தன் முத்திரை குத்திய சான்றிதழில் விவரம் எழுதினார். கேப்டன். காலாட்படை. தலைச் சுற்றளவு ஐம்பத்தெட்டு. கடைசி வரியில் கொஞ்சம் யோசித்தார். செத்துப்போனான் என்று எழுதினால் கல்லறைப் பட்டியலில் யாராவது தேடுவார்கள். காணாமல் போனவனை எந்தப் பட்டியலில் தேடுவது? 1944 இலையுதிர் காலம், காணாமல் போனார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது போன ஞாயிற்றுக்கிழமை.

ஓட்ஃப்ரீட் படிக்கட்டின் கீழே போய் நின்று, நிலவறைக்கு வந்தாயா என்று மேலே பார்த்துக் கேட்டார். வெண்ணெய் கேக் சுட்டுக்கொண்டிருந்த அக்கா கெர்லிண்டின் குரல் வந்தது.

"உன் செத்த தலைங்களத் தொடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"ஏதாவது ஈரமா தெளிச்சியான்னு கேட்டேன்."

"நீ செஞ்சத நீயே பாத்துக்க. இன்னிக்கு என்ன நாள்னாவது ஞாபகம் இருக்கா?"

போரில் இறந்தவர்களுக்கான துக்க ஞாயிறு. காலையில் அவள் கல்லறைத் தோட்டத்தில் பாட்டன் பெயருக்கு ஒரு மாலை வைத்துவிட்டு வந்திருந்தாள். இவர் போகவில்லை. கல்லில் பெயர் வெட்டினால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தார்.

அவர் மை ஒற்றும் தாளைத் தோல்பட்டையில் அழுத்தினார். தாள் மஞ்சளாக நனைந்தது. மூக்கருகே கொண்டுபோனார். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ தொப்பிகளின் வியர்வையை மோந்தவர். பழைய வியர்வை புளித்த மரத்தூள் மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. நனைந்த கம்பளி, சதுப்பு மண், வெகுதூரம் நடந்து வந்தவனின் பிடரி. தாளை நழுவவிட்டார். கொஞ்சம் கழித்து அவரே குனிந்து அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். தாளுக்கெல்லாம் பயப்படுகிற ஆளா அவர்?

இந்தத் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. புற ஊதா விளக்கைக் காட்டினால் பழைய நூல் இருண்டு கிடக்கும், புதிய நூல் பளிச்சென்று ஒளிரும். எது ஒளிர்கிறதோ அது புதிது. எத்தனையோ பேரின் பெருமையை அந்த விளக்கைக் காட்டியே ஓட்ஃப்ரீட் நொறுக்கியிருக்கிறார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்சைத் தட்டிக் குழல்விளக்கை அணைத்தார். மேஜைக்குத் திரும்பி ஊதா விளக்கைப் போட்டுத் தொப்பிக்குள் சாய்த்தார்.

தையல் இருட்டு. துணி இருட்டு. பெயர்ச்சீட்டு கூட இருட்டுதான், அவ்வளவு நேர்த்தியான வேலை. தோல்பட்டை மட்டும் ஒளிர்ந்தது. ஒரு நெற்றியின் வளைவு. முழு வட்டம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டையின் ஓரத்தில் ஒரு துளி திரண்டு, நின்று, கீழே வழிந்தது.

கைபேசி அடித்தது. டெஷ்னர். நெடுஞ்சாலையிலிருந்து பேசினார். மூடுபனி அதிகம், இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்.

"ஹெர் லாம்பெர்ட்ஸ், ஒண்ணு கேட்டா கோச்சுக்காதீங்க. போன தடவை வேற ஒருத்தர்கிட்ட ஏமாந்துட்டேன். அந்த செட்லின், நிஜமாவே இருந்த ஆளுதானா?"

ஓட்ஃப்ரீட் மூலைப் பக்கம் திரும்பினார். மூலையில் இயந்திரத்தின் முனகல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொன்னால் போதும். நான்கு வார்த்தை. தொப்பி மறுபடி வெறும் தொப்பியாகிவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் நாளைக்குள் எல்லாக் கழுதைகளுக்கும் செய்தி போய்விடும். லாம்பெர்ட்ஸ் முத்திரை குத்திய தொப்பிகள் ஒவ்வொன்றையும் விளக்கடியில் வைப்பார்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரைப் பார்த்து.

பயமாகத்தான் இருந்தது. சிரிப்பு அதைவிடப் பயமாக இருந்தது.

"நிஜமான ஆளுதான்," என்றார். "என் வார்த்தையை நம்பலாம்."

டெஷ்னர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

மேலே வாசல் மணி அடித்தது.

அரை மணி நேரம் ஆகும் என்றவர். நெடுஞ்சாலையில் இருப்பவர். கதவு திறந்த சத்தம் கேட்டது. குளிர்காற்று படிக்கட்டு வழியாக இறங்கிக் கணுக்காலைத் தொட்டது. சதுப்பு மண் வாசனை. கெர்லிண்ட் கடுப்போடு கத்தினாள்.

"ஓட்ஃப்ரீட், உன் ஆளு வந்தாச்சு. காலர்ல மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு வர்றாரு, பூட்ஸக் கழட்டுங்கன்னா காதுலயே வாங்கல, வீடெல்லாம் சேறு." பிறகு வந்தவரிடம், "கீழதான் இருக்கான், போங்க."

அனுப்பாதே என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் படியில் கால் விழுந்துவிட்டது.

முதல் படி. இரண்டாவது படி. ஈரமான, நிதானமான கால். குழல்விளக்கின் சுவிட்ச் படிக்கட்டுப் பக்கம். அவர் மேஜைப் பக்கம். ஏழாவது படி. எட்டு. கையில் ஊதா விளக்கு. அதை அணைத்தால் முழு இருட்டு.

வெறுந்தலையோடு அவன் உள்ளே வந்தான்.

பூட்ஸ் இருட்டு. கோட்டு இருட்டு. கைகளும் கழுத்துக்கு மேலே எல்லாமும் ஒளிர்ந்தன. காது இல்லை. புருவம் இல்லை. நெற்றி அப்படியே வழுவழுவென்று இறங்கித் தாடையில் முடிந்தது. ஓட்ஃப்ரீட் அவனுக்குப் பதவி கொடுத்திருந்தார், படைப்பிரிவு கொடுத்திருந்தார், ஐம்பத்தெட்டு அளவில் ஒரு தலை கொடுத்திருந்தார். முகம் கொடுத்திருக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் காபி போடவா?" என்று மேலிருந்து கெர்லிண்ட் கேட்டாள்.

அவன் மேஜையருகே வந்து குனிந்தான். கையை நீட்டினான். ஒளிரும் அந்தக் கை தொப்பியைத் தாண்டி, ஓட்ஃப்ரீட்டின் முகத்தை நோக்கி நீண்டது.