மூன்றும் முப்பதும்

பிற்பகல் ஒன்றரை மணி. சாப்பாட்டு இடைவேளை முடிந்து மாதிரி ரயில் கண்காட்சிக் கூடத்தைத் திறந்தார்கள். இரண்டு அலமாரிகளின் பூட்டும் பெயர்ந்து கிடந்தது. காலமான ஹார்லன் வீலாக் செய்த பித்தளை இன்ஜினைக் காணோம்.

துணை ஷெரீப் மரிசோல் ட்ருஹியோ வருவதற்குள் சில்வர் ஃபோர்க் ஊர் திருடனைத் தீர்மானித்துவிட்டது. பென்னி ஆர்ச்சுலேட்டா. கிளப்புக்குக் குட்டித் தண்டவாளம் பதிப்பவன். பரோலில் வந்தவன், இன்னொரு வழக்கு விழுந்தால் மறுபடியும் சிறைதான். கைவிலங்குக்குத் தயாராகச் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு நின்றான்.

இடைவேளையில் பூட்டிய கூடத்துக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். பென்னி, கிளப் தலைவர் ஓர்வில் ஹாஸ்கின்ஸ், சேகரிப்பாளர் பிரெஸ்டன் லின்டெல். ஆளுக்கொரு மூலையில் தனியாக இருந்ததாகச் சொன்னார்கள்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ஜெயிலுக்குப் போன கை சும்மா இருக்குமா?" என்றார் லின்டெல். முப்பது வருஷமாக மாதிரி ரயிலில் ஊறியவர் என்பது ஊரறிந்த செய்தி. ஊருக்குச் சொன்னவரும் அவரேதான். மேஜைமேல் அவருடைய சோடா டின்கள் வியர்த்து வழிந்தன. காலடியில் மூடிய ஐஸ்பெட்டி.

மரிசோல் அலமாரிகளின் பக்கம் திரும்பினாள். குடும்பத்தில் முதல் ஆளாக அவள் பட்டம் வாங்கியபோது, யார் சிபாரிசு என்று கேட்ட ஊர் இது.

சுவரோரம் ‘ஓஎன்30’ என்று சீட்டு ஒட்டிய அலமாரி. காலையில் அடித்த சிவப்பு பெயின்ட் இன்னும் ஒட்டியது. உள்ளே இருந்த இரும்பு இன்ஜினை மூடிய துணி மட்டும் விலகியிருந்தது. எதிரே ‘ஓஎன்3’, பழைய பச்சை அலமாரி. அதன் பெயர்ந்த பூட்டிலும் சிவப்புத் தீற்றல். உள்ளே காலி.

ஹார்லனின் இன்ஜினைத் தலைவர் தவிர யாரும் கண்டதில்லை. மாலையில்தான் அதைத் திறந்து காட்டுவதாக இருந்தது. அது பித்தளை, இரண்டில் அகலப் பாதையில் ஓடுவது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று ஹாஸ்கின்ஸைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"ஓன்னா அளவு. அசல்ல நாப்பத்தெட்டுல ஒரு பங்கு, ரெண்டும் ஒண்ணுதான். ‘என்’னா குறும்பாதை, அகலம் கொறஞ்ச தண்டவாளம். கடைசியில வர்ற எண், நெசமான ரயிலோட பாதை அகலம். இங்கிலீஷ்காரன் பொம்மைத் தண்டவாளத்த மில்லிமீட்டர்ல எழுதுவான். நம்ம அமெரிக்கக்காரன் அடியையும் அங்குலத்தையும் கலந்து எழுதுவான்."

மரிசோல் திரும்பி வந்தாள்.

"லின்டெல் சார், ஒரு சந்தேகம். இந்த ரெண்டுல எது அகலப் பாதை?"

"மூணு."

"முப்பதவிட மூணு பெருசா?"

லின்டெல் சிரித்தார். "இதுக்குத்தான் காலேஜ் போனியா? பழைய காலத்து ஆளுங்க பேரத் தலைகீழா வச்சுட்டாங்க. அவ்வளவுதான்."

ஹாஸ்கின்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். பென்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தலைகீழ் இல்ல சார். மூணுங்கறது அடி. முப்பதுங்கறது அங்குலம். மூணு அடின்னா முப்பத்தாறு அங்குலம். தண்டவாளம் பதிக்கிறவருக்கும் தலைவருக்கும் இது தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அவங்க நேரா பச்சை அலமாரிக்குப் போயிருப்பாங்க. திருடன் முதல்ல முப்பதத் திறந்தான். இல்லேன்னா பச்சைப் பூட்டுல சிவப்பு பெயின்ட் எப்படி வரும்? பெரிய எண், பெரிய பாதைன்னு நினைச்சவன் அவன். உள்ள இரும்பப் பாத்தப்புறம்தான் பச்சைக்குப் போனான்."

"நான்தான் மூணுன்னு சரியா சொன்னேனே!"

"விடை தெரிஞ்சிருக்கு, காரணம் தெரியல. அந்த விடையை நீங்க அலமாரிய உடைச்சுத்தான் படிச்சீங்க. ஐஸ்பெட்டியத் திறங்க. டின்னெல்லாம் வெளிய நின்னு வேர்க்குதே, உள்ள யார் இருக்கா?"

உள்ளே ஐஸ் இல்லை. துவாலைக்குள் பித்தளை மின்னியது.

லின்டெலை வண்டியில் ஏற்றிவிட்டு அவள் வந்தபோது, ஹாஸ்கின்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பென்னியைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிக்கச் சொன்னார்.

"என்கிட்ட எதுக்கு?" என்றாள் மரிசோல்.

ஹாஸ்கின்ஸ் பென்னியின் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை மரிசோல் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.