கடல் பக்கத்துக் கதவு

காலையில் மேஜையைத் துடைக்கப் போன தாமஸ், தகரத் தாம்பாளத்தில் பரப்பியிருந்த மணல் ஓரிடத்தில் மட்டும் ஈரமாயிருப்பதைப் பார்த்தான். ஐப்பசி மாதம், பழைய பங்களா, கூரை ஒழுகியிருக்கும் என்று அண்ணாந்து பார்த்தான். ஓட்டில் ஈரமில்லை. குனிந்தான். தாம்பாளத்தின் ஓரத்தில் கடலென்று அவன் ஊற்றி வைத்திருந்த தண்ணீரிலிருந்து அந்த ஈரம் கிளம்பி, ஒற்றை வரியாக, அட்டையில் செய்து நிறுத்தியிருந்த கட்டடத்தின் வாசல்வரை போயிருந்தது.

எண்ணூர் முகத்துவாரத்து மணல்மேட்டில் ஒரு செத்த காலேஜ் கட்ட வேண்டும் என்று ஒரு கப்பல் வியாபாரக் குடும்பம் ஆசைப்பட்டிருந்தது. மியூசியத்துக்குப் பட்டணத்தில் அப்படித்தான் பேர். சங்கும் திமிங்கில எலும்பும் பழைய கட்டுமரமும் வைக்க ஒரு கூடம். அதை வரைந்து கொடுக்க வந்தவன் ராயபுரத்துத் தாமஸ். கெட்டிக்காரன், தான் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு. மேட்டை வெட்டிச் சமனாக்கிப் பெட்டி மாதிரி ஒன்றைத் தூக்கி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மணல் வளைகிற வளைவிலேயே கூடமும் வளைய வேண்டும். கூரை மேட்டுக்கு மேல் உயராமல் காற்றுக்குத் தலை தாழ்த்த வேண்டும். ஓதம் ஏறும்போது கடல் தானே உள்ளே வந்து, கட்டுமரத்தைச் சற்று நேரம் மிதக்கவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். அதற்காகக் கடல் பக்கம் பெரிய வளைவு ஒன்று வைத்தான், கதவில்லாமல். கடலுக்குக் கதவு எதற்கு என்று முதலாளி வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தும் வைத்தான்.

தண்ணீர் எப்படி ஏறும் என்று சரிபார்க்கத்தான் இந்தத் தாம்பாளம். மணல் அதே மேட்டு மணல், தண்ணீர் அதே முகத்துவாரத்துத் தண்ணீர். "நம்ம வூடு எங்க கீது?" என்று மனைவி ஃப்ளோரன்ஸ் கேட்டபோது, ஒரு தீப்பெட்டியில் பிளேடால் கடல் பக்கத்துப் பின்வாசலைக் கீறி, மேட்டுக்கு இந்தப் பக்கம் அவர்கள் தங்கியிருந்த பங்களாவின் இடத்தில் ஒட்டிக் காட்டினான்.

பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஈரத்தைப் பார்த்தான். காலடிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம். இடதில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. வலதில் கட்டைவிரல் இல்லை.

அவன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டான். நங்கூரக் கயிற்றில் வலது கால் கட்டைவிரலை விட்டுவிட்டு வந்த ஒருவனைத்தான் அவனுக்குத் தெரியும். அருள்பிரகாசம். தாமஸின் சிநேகிதன், ஃப்ளோரன்ஸின் முதல் புருஷன். ஒரு கார்த்திகையில் வலையோடு போனவன், உடலும் கிடைக்கவில்லை. அப்படிப் போனவன் வீட்டில் வருஷம் திரும்பும்வரை கடல் பக்கத்துக் கதவைத் தாழிட மாட்டார்கள், வந்தால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று. ஃப்ளோரன்ஸ் வருஷம் தாண்டியும் தாழிடவில்லை. அவளைக் கட்டிக்கொண்ட அன்று தாழைப் போட்டது தாமஸ்தான்.

"மேஜ மேல கை வச்சியா?"

"நான் இன்னாத்துக்கு வைக்கிறேன்? ஒரே பாசி நாத்தம்" என்றாள் ஃப்ளோரன்ஸ், அரிசி களைந்தபடி. சட்டியில் இரண்டு பேருக்கு மேலேயே அரிசி இருந்தது. கேட்டால், ராத்திரிக்கு ஆகும் என்றாள்.

மறுநாள் காலடிகள் வளைவுக்குள் நுழைந்திருந்தன. குச்சியில் செய்த குட்டிக் கட்டுமரத்தை ஒரு சுற்று சுற்றி, அதன் பக்கத்தில் நின்று, பிறகு தண்ணீருக்கே திரும்பியிருந்தன. அறையில் இற்றுப்போன வலையின் வாடை. தாமஸுக்கு வந்தது செத்தவனைக் கண்ட பயம் இல்லை. வந்து கூப்பிட்டால் இவள் போய்விடுவாள். அது அவனுக்குக் கல்யாணத்தன்றே தெரியும். அவன் ஒரு துண்டு அட்டையை வெட்டி, பசை தடவி, வளைவை அடைத்தான். நகத்தால் அழுத்தி அழுத்தி ஒட்டினான்.

அன்று பிடித்த மழை விடவில்லை. மறுநாள் சாயங்காலமே அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டின் மேல் மழையும், மழைக்குப் பின்னால் கடலும், இரண்டுக்கும் நடுவே அடுப்படியில் கரண்டி சட்டியில் தட்டுகிற சின்னச் சத்தமும் கேட்டுக்கொண்டிருக்க, அவன் அரிக்கேன் விளக்கைத் தூக்கித் தாம்பாளத்தின் மேல் பிடித்தான்.

அடைத்த அட்டைக்கு முன்னால் மணல் குழம்பிக் கிடந்தது. வெகுநேரம் நின்றிருக்கிறான். பிறகு திரும்பியிருக்கிறான். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, மேட்டில் ஏறி, இறங்கி, நேராக.

தீப்பெட்டிக்கு.

கீறிவிட்ட பின்வாசலில் கடைசி அடி.

தாமஸ் பின்கட்டுக்கு ஓடினான். கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை. மரத்தாழைத் தூக்கிக் கொண்டியில் போட்டான். தோளைக் கொடுத்து அழுத்தினான். வெளியே மழை மட்டும்தான். அப்பாடா என்று மூச்சு வந்தது. திரும்பினான்.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். ஆள் காலடிகள். வலதில் கட்டைவிரல் இல்லை. எல்லாம் உள்ளே பார்த்திருந்தன. வெளியே போன அடி ஒன்றுகூட இல்லை.

அடுப்படியில் ஃப்ளோரன்ஸின் குரல். "வாய்யா, துன்னு. எம்மா நாளாச்சி." தாமஸிடம் அவள் ஒருநாளும் இந்தக் குரலில் பேசியதில்லை.

அடுப்படி வாசலில் போய் நின்றான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பலகை, ஒரு தட்டு. பலகையில் யாரும் இல்லை. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் சோறு. ஒரு பிடி குறைந்தது. சற்றுப் பொறுத்து, இன்னொரு பிடி.

"தாழ எடுத்து வுடுங்க" என்றாள் நிமிராமல். "இவுரு சாப்ட்டதும் கெளம்பணும்."

"நீ எங்கயும் போவாத, ஃப்ளோரன்ஸ்."

அவள் சோற்றின் மேல் குழம்பை ஊற்றினாள்.

அவன் மேஜைக்கு ஓடினான். அடைத்ததுதான் தப்பு. வழியைத் திறந்துவிட்டால் வந்தவன் தனியாகப் போய்விடுவான். அட்டையைப் பிய்க்கக் கையை நீட்டினான்.

அட்டை முன்னமே விழுந்து கிடந்தது.

தீப்பெட்டியிலிருந்து புதுக் காலடிகள். மேட்டில் ஏறி, இறங்கி, வளைவுக்குள் புகுந்து, கட்டுமரத்தைத் தாண்டி, தண்ணீர்வரை. இரண்டு வரிசை. ஒன்றில் கட்டைவிரல் இல்லை. பக்கத்திலேயே, ஒட்டி, சின்னக் கால்.

அடுப்படியில் தட்டு கழுவுகிற சத்தம். நின்றது.

அவன் அந்தச் சின்னக் காலடிகள் மேலேயே குனிந்திருந்தான்.

பின்கட்டில் மரத்தாழ் கொண்டியிலிருந்து எழும்புகிற சத்தம். மழையின் இரைச்சல் ஒரு கணம் வீட்டுக்குள் வந்தது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

தாம்பாளத்தில், காலடிகள் முடிகிற இடத்தில், தண்ணீரில் இரண்டு சின்ன வளையங்கள் விரிந்தன.